மாசியின் உப்பும் புகைக் கசப்பும் தணிய வழி வேண்டும்

சூரை மீனை உப்பு நீரில் அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்த மாசி ஒன்றை, மினிக்காய்த் தீவிலிருந்து உறவினர் சென்ற மாதம் கொண்டுவந்தார். அதில் சம்பல் செய்தால் உப்பு தூக்கலாகவும், அடிநாக்கில் புகைக் கசப்பாகவும் இருக்கிறது. விறகுக்கட்டைபோல் இறுகியிருப்பதால் அரிவாள்மணையில் சீவ முடியாமல், அம்மியில் தட்டி நார்நாராகப் பிரித்தேன். உட்பகுதி கருஞ்சிவப்பாக, பூஞ்சையின்றி, நல்ல மணத்துடனேயே இருக்கிறது. வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் உப்பு குறைகிறது, ஆனால் மாசிக்கே உரிய சுவையும் அந்நீரோடு போய்விடுகிறது. கரியேறிய மேற்புறத்தைச் சுரண்டியும் கசப்பு ஓரளவே தணிந்தது. தேங்காய்த்துருவல், சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கூட்டியும் பார்த்தாயிற்று. என் தாயார் விரும்பி உண்பது என்பதால் வீணாக்க மனமில்லை. சுவை கெடாமல் உப்பையும் கசப்பையும் குறைக்க, தட்டுவதற்கு முன் மாசியை எவ்வாறு பக்குவப்படுத்த வேண்டும்?