‘வந்தார்கள்ணும்’: எழுத வைத்த சொல், எழுத்தை விடவிடாத சொல் (அனுபவப் பகிர்வு)

தெப்பக்குளம்:
ஏன் எழுத வந்தோம், ஏன் இன்னும் விடவில்லை என்று ஆளாளுக்குக் குடும்ப வரலாறு வேண்டாம். உறுத்துகிற ஒரு சொல், ஒரு வரி போதும்.

என் கதையின் இரண்டாம் ப்ரூஃப் (அச்சடிக்கும் முன் பிழை பார்க்க எடுக்கும் படி). கிழவி பேரனிடம் சொல்கிறாள்: “வெள்ளன நீ வந்தார்கள்ணும்.” (வெள்ளன என்றால் நேரத்தோடு.)

மூலத்தில் இருந்தது “வந்தாகணும்”. டிடிபி (கணினியில் அச்சுக்கோப்பு) செய்தவருக்கு “வந்தாக” பிழையாகப் பட்டிருக்கிறது. தேடி மாற்று என்று ஒரே தட்டு, எல்லாம் “வந்தார்கள்”. “வந்தாகணும்” என்பதன் முதல் நாலு எழுத்தும் அதேதானே, அதுவும் மாட்டிக்கொண்டது. கையோடு “வந்தாய்ங்க”வையும் “வந்தார்கள்” ஆக்கிவிட்டார்.

கிழவியின் சொல் பரவாயில்லை, வாசகர் சிரித்துவிட்டுத் திருத்திப் படித்துக்கொள்வார். மற்றதுதான் ஆபத்து, பிழை என்றே யாருக்கும் தெரியாது. எங்கள் மதுரைப் பேச்சில் “அவுக வந்தாக” என்றால் மரியாதைக்குரிய சம்பந்தி வீட்டார். “அவய்ங்க வந்தாய்ங்க” என்றால் கூட்டாளிகள், இல்லையென்றால் வேண்டாதவர்கள். ரெண்டும் “வந்தார்கள்” ஆனபின் வாசலில் நிற்பது யார் என்பதே கதையில் இல்லை.

செல்லூர்க்காரி:
எழுத வைப்பதும் இதே சொற்கள்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தராசை வைத்துக்கொண்டு ஒரு அம்மா, “அங்கிட்டு வைஞ்சிட்டு இங்கிட்டு வந்து சிரிக்கிற” என்றது. ‘வைவது’ என்றால் திட்டுவது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

காதில் விழுந்த பத்து நிமிஷத்துக்குள் எழுதாவிட்டால் போச்சு. ராத்திரி எழுதினால் “அந்தப் பக்கம் திட்டிவிட்டு” என்றுதான் வரும். ஞாபகம் தானாகவே பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடும். முழு வாக்கியத்தையும் பிடிக்க முடியாதென்றால் மூன்றை மட்டும் பிடிக்க வேண்டும். வினைமுற்றின் வால், விளிச்சொல், அவர் சொல்லாமல் விட்டது. மூன்றாவதைத்தான் பலரும் விடுகிறார்கள். அந்த அம்மா யாரை வைதாள் என்று சொல்லவே இல்லை. எதிரே நின்றவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அங்கே பெயரைப் போட்டால் பேச்சு செத்துப்போகும்.

போனில் ரெக்கார்டு பண்ணலாமே என்பார்கள். மார்க்கெட் இரைச்சலில் ஒன்றும் தேறாது, கேட்காமல் பதிவதும் தப்பு.

பிழைதிருத்தி:
தெப்பக்குளம் அண்ணே, டிடிபிக்காரர் மேல் முழுப் பழியையும் போடாதீங்க. கையெழுத்துப் பிரதியோடு சொற்பட்டியல் கொடுத்தீங்களா? ஒரு தாள் போதும். இடப்பக்கம் கதையில் வரும் வழக்குச்சொல், வலப்பக்கம் “மாற்றக்கூடாது” அல்லது “இப்படித்தான் எழுதுக”. இருபது முப்பது சொல்லுக்கு மேல் வராது. அது இல்லாதபோது எதிரில் இருப்பவருக்கு “வந்தாக” பிழைதான்.

“முழுச்சொல் மட்டும்” என்று தேடினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. “வந்தாகணும்” தப்பும், ஆனால் “வந்தாகளா”, “வந்தாகன்னு” எல்லாம் விட்டுப்போகும். தமிழில் வால் ஒட்டிக்கொண்டேதான் வரும். ஒவ்வொன்றாக நிறுத்தி, பார்த்து, மாற்றுவது ஒன்றே வழி.

முதல் ப்ரூஃபை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சைப் பார்ப்பது. தனியாகப் பார்த்தால் கண் எழுத்தைப் பார்க்காது, மனசில் இருப்பதைப் பார்க்கும். இரண்டாவதில் திருத்திய வரியோடு அதற்கு மேல்வரி, கீழ்வரி. ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் புதுப் பிழை முளைப்பது அங்கேதான். அந்தக் கிழவி இரண்டாம் ப்ரூஃபில் அகப்பட்டதே அதிர்ஷ்டம்.

மேலமாசி:
எல்லாரும் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், பக்கக் கணக்கை யாரும் பேசவில்லை. டெமி 1/8 என்ற புத்தக அளவில் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்) 16 பக்கம். கதைத் தொகுப்பு 150 பக்கம் வந்தால் 9 ஃபாரம் 144, மிச்சம் 6 பக்கம் தொங்கும். அரை ஃபாரம் சேர்த்து 152 ஆக்கி இரண்டு பக்கம் வெற்றாக விடலாம். இல்லை ஆறு பக்கத்தை வெட்டி 144. எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்து அடக்குவார்கள், சம்மதிக்காதீர்கள், வயசான வாசகர் வாங்க மாட்டார். டிஜிட்டலில் கொஞ்சமாக அடித்தால் இந்தக் கெடுபிடி குறைவு, பிரதிக்குச் செலவு கூடும்.

அப்புறம் ஐஎஸ்பிஎன், புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். இந்தியாவில் அது இலவசம், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. 1957 சட்டப்படி எழுதியவுடன் உரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம். ஒப்பந்தத்தில் “அனைத்து உரிமைகளும்” என்று இருந்தால் அடித்துவிட்டு, எந்த வடிவம், எத்தனை வருஷம் என்று எழுதச் சொல்லுங்கள். ராயல்டி (விற்பனையில் எழுத்தாளர் பங்கு) 10 சதவீதம் என்று வையுங்கள். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி போனால் 6,000 ரூபாய். வருஷம் முழுக்க எழுதியதற்கு. இதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவன்தான் எழுதுவான்.

தெப்பக்குளம்:
மேலமாசி, கேட்டது ஃபாரம் கணக்கா? 6,000 ரூபாய்க்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் பேச்சே. இன்னும் எழுதுவது அந்த “வந்தாய்ங்க” ஒரு தடவையாவது ஒழுங்காக அச்சில் ஏற வேண்டும் என்று. பிழைதிருத்தி, பட்டியல் கொடுக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

திருமங்கலம்:
பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றுகிறவர்கள் இதையும் பாருங்கள். ஒரு பிடிஎஃப்பில் “கௌரவம்” என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை. கண்ணால் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது! காரணம், ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’ போட்டு அடுத்து ‘ள’ என்ற தனி எழுத்து. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘ஔவை’யும் இப்படித்தான் ‘ஒள’ ஆகிக் கிடக்கும். மாற்றி முடித்ததும் “கெள”, “மெள”, “ஒள” மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. மொத்தமாக மாற்ற வேண்டாம். “கெளுத்தி” மீன் “கௌுத்தி” ஆகிவிடும்.

பிழைதிருத்தி:
கெளுத்தி! அது என் பட்டியலில் இல்லை, சேர்த்தாச்சு.

செல்லூர்க்காரி:
பட்டியலில் ‘வெள்ளன’வா, ‘வெள்ளனே’வா?

தெப்பக்குளம்:
ரெண்டும். ஒரே கிழவி வாயில் ரெண்டும் வரும், அதைத் திருத்தாதீங்கன்னு எழுதியிருக்கு.