மறு: பர்ன்அவுட் – பணிச்சோர்வா, பணித்தேய்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 'பர்ன்அவுட்' (burnout, நீண்டகாலப் பணியழுத்தத்தால் உள்ளம் வற்றிப்போகும் நிலை) என்ற சொல்லுக்குத் தமிழ் இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> 'பணிச்சோர்வு' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சோர்வு தூங்கி எழுந்தால் போய்விடும், இது போகாது. உளவியலாளர்கள் மாஸ்லாக்கும் ஜாக்சனும் 1981இல் தந்த பர்ன்அவுட் அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உணர்வு வற்றிப்போதல், நோயாளியை வெறும் படுக்கை எண்ணாகப் பார்க்கிற விலகல், 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். தவிர, 'காத்தோம்பல் சொல்லின்கண் சோர்வு' என்ற குறளில் சோர்வு என்பது தவறுதல். அப்படிப் பார்த்தால் பழி வேலை செய்பவர் தலையில் விழுகிறது. உலக சுகாதார நிறுவனமோ 2019இல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியழுத்தத்தின் விளைவு என்றே இதை வகுத்தது. நோய் என்றுகூடச் சொல்லவில்லை.

> தொல்காப்பியர் இருக்கிறாரே: 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.'

அருமையான நூற்பா! இந்த நான்கு சொல்லுக்கும் அவர் தரும் பொருள் 'உள்ளதன் நுணுக்கம்', அதாவது முன்பு இருந்தது குறைந்துபோவது. உளவியலாளர் ஹோப்ஃபால் 1989இல் முன்வைத்த வளக்காப்புக் கோட்பாடும் மன அழுத்தத்தை வள இழப்பாகவே பார்க்கிறது. அகப்பாடல்களில் தலைவியின் தோள் மெலிவதற்கு வரும் 'சாஅய்' பற்றித் தனி இழையே தொடங்கலாம். ஆனால் 'பணி ஓய்வு' இன்று ரிட்டயர்மென்ட். 'நிழத்தல்' வகுப்பில் எடுபடாது.

> நேரடியாக 'எரிந்தடங்கல்'?

எரிச்சல் நம் பேச்சில் கோபத்துக்கும் பொறாமைக்கும் போய்விட்டது.

என் முன்மொழிவு 'பணித்தேய்வு'. உழைத்து ஓடாய்த் தேய்ந்துவிட்டாள் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே.

> வேலை குறைகிறது என்றல்லவா பொருள்படும்? மேலும், ஓடாய்த் தேய்ந்த தாய் பிள்ளையை வெறுப்பதில்லை. விலகல் இந்தச் சொல்லில் எங்கே?

முதல் தடைக்கு விடை உண்டு: பணியால் வரும் தேய்வு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இரண்டாவது வலுவான கேள்வி. 'தேய்வு' அந்த விலகலைச் சொல்லவில்லைதான். ஆனால் 'சோர்வு' மட்டும் சொல்கிறதா?

சரி, பெரும்பாலோர் பணிச்சோர்வு என்றே சொல்லிவிட்டீர்கள். அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன், பக்கத்தில் 'பர்ன்அவுட்' என்றும் போட்டு. பணித்தேய்வை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

அப்புறம், 'ரெசிலியன்ஸ்' (resilience) என்ற சொல்லுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. 'மீள்திறன்' போதாது என்பவர்கள் நாளைக்குள் எழுதுங்கள்.