ஒரு கோடு, நாலு போல்ட்: விமானப் பயம் பற்றி

பல்லாவரத்தில் எங்கள் மேல்வீட்டுக்காரர் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 ஜனவரியில், அம்மா முதல்முறையாக சிங்கப்பூர் கிளம்ப இருந்த சமயத்தில், அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில் நடுவானில் கதவு அடைப்பு (தேவைப்படாத அவசரக் கதவின் இடத்தை மூடியிருக்கும் பலகை) பிய்த்துக்கொண்டு போன வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. “நான் வரலப்பா” என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். சரி, தெரிந்தவரிடமே கேட்போம் என்று மாடிக்குக் கூட்டிப் போனேன்.

“ஒண்ணும் ஆகாதும்மா” என்று அவர் சொல்லவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. விமானம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஏர்பஸ் ஏ320-க்கு இறக்கை வேல்ஸில் தயாராகிறது, செங்குத்து வால் ஜெர்மனியில். எல்லாம் துலூஸ், ஹாம்பர்க் மாதிரி ஊர்களுக்கு வந்துதான் ஒன்றாக இணைகின்றன. இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம், வளைந்து கொடுக்கத்தான் அதைச் செய்கிறார்கள் என்றார். ஆயுளில் வரக்கூடிய அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. 2006-ல் ஏ380 இறக்கையை வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தபோது 1.45 மடங்கிலேயே உடைந்துவிட்டது. அப்புறம் அந்த இடத்தைப் பலப்படுத்திய பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது.

“அப்போ அந்தக் கதவு ஏன் சார் போச்சு?”

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்து இறுக்கினார். இரண்டின் மேலும் சேர்ந்தாற்போல ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பிறகு நட்டை லேசாகத் திருப்பினார். கோடு இரண்டாகப் பிரிந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரிலும் இப்படித்தானாம். டார்ச் அடித்துப் பார்த்தாலே எது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானத்தை விட மாட்டார்கள். செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முக்கியமான வேலை என்றால் இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அலாஸ்கா விமானத்தில் நடந்தது என்ன என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில், பக்கத்திலிருந்த ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்கும் ஆணிகளை) சரிசெய்ய அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மூடியபோது நாலு போல்ட்டையும் மாட்டவில்லை. திறந்ததற்கே எந்தப் பதிவும் இல்லை. எனக்குக் கோபமே அந்தப் பதிவு விஷயத்தில்தான். ஒருவர் மறப்பது சகஜம். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எழுதியிருந்தால் அடுத்த ஆள் போல்ட் எங்கே என்று தேடியிருப்பார். 177 பேர் இருந்த விமானம் அது. யாரும் சாகவில்லை. பிய்ந்த இடத்தை ஒட்டிய இருக்கை காலியாக இருந்ததும் ஒரு காரணம்.

படி இறங்கும்போது அம்மா டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. நாம் போகிற விமானத்தை யார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்க நான் மறுபடியும் மாடி ஏறினேன்.