படம் இல்லாமல் பின்னணி இசை தனித்து நிற்குமா?

கேள்வி: பின்னிரவுக்காது

பாடல்களைப் பற்றிக் கேட்கவில்லை. வசனத்துக்கு அடியிலும் காட்சிக்குப் பின்னாலும் ஓடுகிற பின்னணி இசையைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒரு படம் பார்த்தேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் படத்தைச் சுற்றியே போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். பல ஆண்டுகள் பேசாமலிருந்த தாயும் மகளும் கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். நான்கு நிமிடக் காட்சி. வயலின்கள் மெல்லத் தொடங்கி, அடுக்கடுக்காக ஏறி, உச்சியைத் தொடாமலே இறங்கிவிடும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த இசைக்காகவே இன்னொரு முறையும் போனேன்.

பிறகு அதன் இசைத் தொகுப்பைத் தேடிப் பிடித்தேன். 31 துண்டுகள், மொத்தம் 58 நிமிடம். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டேன். அவற்றில் 19 துண்டுகள் ஒன்றரை நிமிடத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரு புல்லாங்குழல் தொடங்கும், இரண்டு அடி நகரும், அடுத்து எங்கே திரும்பப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்போது முடிந்துவிடும். வேறொரு துண்டில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம் இரண்டு நிமிடம் நிற்கிறது, அவ்வளவுதான். ரயில் நிலைய இசை வந்தபோது மறுபடியும் கண் கலங்கியது. ஆனால் அப்போது என் முன்னால் நின்றது அந்த நடிகையின் முகம். நான் கலங்கியது இசையைக் கேட்டா, முகத்தை நினைத்தா?

என் தம்பி படம் பார்க்கவில்லை. மிருதங்கம் கற்கிறவன், நல்ல காது. எதுவும் சொல்லாமல் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டான். “நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் வருகிறேன் என்று சொன்ன யாரோ இன்னும் வரவில்லை போல இருக்கிறது” என்றான்.

அவன் சொன்னது என்னை விடவே இல்லை. பின்னணி இசைக்கு என்று சொந்த உயிர் உண்டா, அல்லது படம் பார்த்தவர்களின் நினைவுதான் அதற்கு உயிர் கொடுக்கிறதா? இசையோடு நெருங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அடிநாதம்

நிற்காது என்பதுதான் என் எண்ணம். இசை இன்பத்துக்காக மட்டும் பேசும் ஆள் இல்லை நான். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தேன்.

ஒரு ராக ஆலாபனையில் அடுத்த பிடி எங்கிருந்து வருகிறது? முந்தைய பிடியிலிருந்து. ஒரு சிம்பொனியில் பத்தாம் நிமிடம் ஏன் அப்படி இருக்கிறது? முதல் நிமிடம் அப்படி இருந்ததால். பின்னணி இசையில் ஒரு திருப்பம் ஏன் வருகிறது? யாரோ கதவைத் திறந்ததால். காரணம் வெளியே இருக்கிறது. காரணத்தை எடுத்துவிட்டு விளைவை மட்டும் கேட்டால் அது இசையாக எப்படி நிற்கும்?

ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கதையைப் பாருங்கள். நார்வே பின்னணி கொண்ட ஒரு படத்துக்காக அவர் எழுதிய இசை படத்தில் சேரவில்லை. அதையே 1942இல் நான்கு பகுதிகள் கொண்ட கச்சேரி இசையாக்கினார். இன்றும் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. படத்துக்குள் போகாததால்தான் அது பிழைத்தது என்று நான் நம்புகிறேன்.

பதில்: நான்காம் தந்தி

பின்னிரவுக்காது அவர்களே, உங்கள் தம்பியின் காதை நம்புங்கள். ஆனால் அடிநாதம் அவர்களின் முடிவை அப்படியே ஏற்க வேண்டாம்.

நான் செல்லோ வாசிப்பவள். 22 ஆண்டுகளாகக் கச்சேரி அரங்கிலும் படங்களுக்கான ஒலிப்பதிவுக் கூடத்திலும் மாறி மாறி உட்காருகிறேன். கூடத்தில் ஒரு காதில் ஹெட்போன் இருக்கும், அதில் ‘டிக், டிக்’ என்று கிளிக் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் கையில் இருக்கும் தாளில் நாலு நாலு எண்ணிக்கையாகப் போய்க்கொண்டிருக்கும் இசையில் திடீரென்று ஒரே ஒரு இடத்தில் மூன்றரை எண்ணிக்கை வரும். முதல் தடவை எல்லோரும் அங்கே இடறுவோம். இசைக்குள் தேடினால் அதற்கு நியாயம் கிடைக்காது. திரையில் ஒருவர் தலை திரும்புவது அந்த அரை எண்ணிக்கை முன்னால். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில், பத்துப் பன்னிரண்டு சட்டகம் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்காக இசையின் கையை வெட்டிப் பொருத்துகிறோம். நீங்கள் தொகுப்பில் கேட்ட 31 துண்டுகள் இப்படி வெட்டப்பட்டவை. அவற்றை வரிசையாக அடுக்கி விற்றதால் அவை ஒரு படைப்பு ஆகிவிடவில்லை. தையற்காரரின் மேசையில் கிடக்கும் வெட்டிய துணிகளைப் பார்த்துவிட்டுச் சட்டை நன்றாயில்லை என்று சொல்ல முடியாது.

தைத்த சட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வாசித்திருக்கிறேன். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் 1938இல் எடுத்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படத்துக்கு இசை புரோகோஃபியேவ். அந்தப் படத்தின் ஒலிப்பதிவு மோசமானது, இசைக்குழு தகர டப்பாவுக்குள் வாசிப்பது போலக் கேட்கும். மறு ஆண்டே அவர் அந்த இசையைக் கையில் எடுத்தார். துண்டுகளை இணைத்தார், பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார், பாடகர் குழுவையும் சேர்த்து ஏழு பகுதிகள் கொண்ட கான்டாட்டாவாக, அதாவது குரலும் இசைக்குழுவும் சேர்ந்த கச்சேரிப் படைப்பாக, அமைத்தார். ஐந்தாம் பகுதி உறைந்த ஏரியின் மேல் நடக்கும் போர். அதை வாசித்து முடிக்கும்போது வலது தோள் வலிக்கும். அந்த இரைச்சலுக்குப் பிறகு ஆறாம் பகுதியில் ஒரே ஒரு பெண் குரல், போர்க்களத்தில் விழுந்து கிடப்பவர்களுக்கு நடுவே நடந்தபடி பாடுகிறது. நாங்கள் அடியில் மெல்ல இழுத்துக்கொண்டிருப்போம். நான் வாசித்த அன்று அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் படம் பார்த்திருப்பார்கள்? மிகச் சிலர். ஆனால் அந்தப் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை ஒருவர்கூட இருமவில்லை. நினைவு கொடுத்த உயிர் என்றால் அங்கே அது எங்கிருந்து வந்தது?

இது சினிமாவோடு பிறந்த சிக்கலும் இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே 1872இல் ஒரு நாடகத்துக்கு 27 சிறு துண்டுகள் எழுதினார், 26 பேர் கொண்ட சிறு குழுவுக்கு. நாடகம் தோற்றது. அவர் அதிலிருந்து நான்கு பகுதிகளைப் பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார், அது நின்றுவிட்டது. நார்வே இசையமைப்பாளர் க்ரீகின் ‘பேர் கிந்த்’ இசையும் இப்சனின் நாடகத்துக்காக எழுதப்பட்டதுதான். அதிலுள்ள விடியல் இசையை உலகமே கேட்டிருக்கிறது. கேட்கிறவர்கள் பனிமலையையும் நீரோடையையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். நாடகத்தில் அந்தப் பொழுது விடிவது மொராக்கோவில்! காட்சியைத் தவறாகக் கற்பனை செய்தாலும் இசை குலையவில்லை. அடிநாதம் அவர்கள் கேட்ட ‘வெளியே இருக்கும் காரணம்’ அங்கே எங்கே போயிற்று? க்ரீக் அந்தக் காரணத்தை இசைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். ஒரு சின்ன மெட்டைப் புல்லாங்குழலும் ஓபோ என்ற குழல் வாத்தியமும் மாறி மாறிக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்தக் கைமாற்றமே இசையை முன்னால் நகர்த்துகிறது. சூரியன் வேண்டியதில்லை.

எனவே என் பதில்: படத்துக்குக் கொடுத்த காலத்தை இசையமைப்பாளர் திரும்ப வாங்கிக்கொண்டு, இசைக்கு அதன் சொந்தக் காலத்தைக் கொடுத்தால் அது நிற்கும். அந்த வேலையைச் செய்யாமல் துண்டுகளை அப்படியே வெளியிடுவது இசையமைப்பாளருக்கும் அநியாயம், கேட்பவருக்கும் அநியாயம்.

பதில்: ஒலிமேசை

நான் படங்களுக்கு ஒலிக்கலவை செய்பவன். நான்காம் தந்தி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மாற்றி எழுதினால்தான் நிற்கும் என்பது இல்லை.

1957 டிசம்பர் 4, 5 தேதிகளில் பாரிஸில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் நான்கு கலைஞர்களோடு உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு இசை பதிவு செய்தார். இயக்குநர் லூயி மால். காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். முன்கூட்டி எழுதிவைத்தது மிகக் குறைவு. பின்னால் யாரும் அதைக் கச்சேரிக்கென்று மாற்றி எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள், நிற்கிறது. அவர் கதவையும் தலைத் திருப்பத்தையும் துரத்தவில்லை. இரவில் ஒரு பெண் தெருத்தெருவாக நடக்கிறாள், அந்த நடையின் மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு டிரம்பெட்டில் தன் போக்கில் போகிறார்.

எல்லா இசையும் நிற்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் நினைத்திருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அதன் தொடக்க இசையைத் தனியாகக் கேட்கலாம், தானாக ஓடும். குளியலறைக் கீறலைத் தனியாகக் கேட்க நான் விரும்பவில்லை. அது அந்தக் காட்சியின் ஒரு உறுப்பு. அதை அங்கிருந்து பிரிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பேசும் குரல் வரும் இடங்களில் நல்ல இசையமைப்பாளர் நடு ஸ்தாயியைக் காலியாக விடுவார். மேலே ஒரு மெல்லிய இழை, கீழே ஒரு தாழ்ந்த சுரம், நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த இடம் நடிகரின் குரலுக்கு. அப்படி விடாவிட்டால் நான் மேசையில் இசையைத் தணித்தாக வேண்டும், தணித்தால் அதன் நிறமே போய்விடும். தொகுப்பாக வெளியிடும்போது குரல் இருக்காது, ஆனால் அதற்காக விட்ட இடம் அப்படியே இருக்கும். படம் பார்த்தவர்கள் அந்த இடத்தை நினைவால் நிரப்பிக்கொள்வார்கள். பார்க்காத ஒருவர், அதுவும் காலப்பிரமாணத்தில் பழகிய காது உள்ளவர், வெற்றிடத்தைத்தான் கேட்பார்.

அந்த ரயில் நிலையக் காட்சியில் வசனம் உண்டா? எந்த இடத்தில் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: அடிநாதம்

நான்காம் தந்தி அவர்களின் மொராக்கோ எடுத்துக்காட்டு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. எதிர்த்திசையில் எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ எந்தப் படத்துக்காகவும் எழுதியதில்லை. தியாகராஜரும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹும் சந்திக்கும் இடத்தைத் தேடிய தனி இசை. பாலு மகேந்திரா அதை எடுத்து 1988இல் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக வைத்தார். எந்தக் குரலுக்கும் இடம்விட்டு எழுதாத இசை அங்கே அந்தக் குடும்பத்தின் தவிப்பைத் தாங்கி நிற்கிறது. நான் முதலில் கேட்டது இசைத்தட்டில்தான். படம் பார்த்த பிறகும் எனக்கு அது பழைய இசையாகவே ஒலிக்கிறது. கட்டி முடியாத சுவர் கண்முன் வருவதில்லை.

ஆகவே ‘படத்துக்குள் போகாததால் பிழைத்தது’ என்று நான் எழுதியது தவறு. உள்ளே போன இசையும் பிழைத்திருக்கிறது. காரணம் இசைக்குள் இருக்க வேண்டும் என்ற இடத்தில் மட்டும் இன்னும் உறுதியாக நிற்கிறேன்.

கேள்வி கேட்டவர்: பின்னிரவுக்காது

அனைவருக்கும் நன்றி. ஒலிமேசை அவர்களே, நேற்று அந்தக் காட்சியை மறுபடியும் பார்த்தேன், இந்த முறை கையில் கடிகாரத்தோடு.

வசனம் உண்டு. நான்கு நிமிடத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான். ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் வயலின்கள் விலகிக்கொள்கின்றன. மேலே ஒற்றை இழையும் கீழே தாழ்ந்த சுரமும் மட்டும் நிற்கின்றன, நீங்கள் எழுதியது போலவே. அப்போது மகள், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்கிறாள். தாய் பதில் சொல்லவில்லை. பதிலுக்கென்று இன்னும் ஒன்பது நொடி அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. பிறகு வயலின்கள் திரும்பி வருகின்றன.

தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் இசையை மட்டும் மறுபடியும் போட்டு, யாரும் வரவில்லை என்று தோன்றிய இடத்தில் கையை உயர்த்தச் சொன்னேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாம் நொடியில் உயர்த்தினான். வயலின்கள் வரும் வரை இறக்கவில்லை.

பிறகு புரோகோஃபியேவின் ஆறாம் பகுதியைப் போட்டேன். அதற்கு அவன் கையே தூக்கவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை கேட்டான். நான்காம் தந்தி அவர்களிடம் ஒரு கேள்வி: அந்தக் கான்டாட்டாவை முழுதாகக் கேட்க எந்தப் பதிவில் தொடங்கலாம்? செல்லோக்கள் நன்றாகக் கேட்கும் பதிவாக இருந்தால் நல்லது.