‘ஒம்ஃபலோஸ்கெப்சிஸ்’ – தமிழில் என்ன போடலாம்?

கரிசல்மண் கேட்டது:

வணக்கம். ஒரு பயணக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஒம்ஃபலோஸ்கெப்சிஸ்’ என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வருகிறது. முதலில், கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலைத் துறவிகளைப் பற்றிச் சொல்லும்போது. அப்புறம் கடைசிப் பக்கத்தில், தங்களைப் பற்றியே பேசித் தீராத ஓர் எழுத்தாளர் வட்டத்தைப் பற்றி. அகராதியில் ‘தொப்புளைப் பார்த்தபடி தியானித்தல்’, ‘தன்னிலேயே மூழ்கிக் கிடத்தல்’ என்று இரண்டு பொருள் போட்டிருக்கிறது. இரண்டு இடத்துக்கும் ‘தொப்புள் நோக்கு’ என்று வைத்துவிடலாமா? சொல்லின் தொடக்கத்தில் இருப்பது நம் ‘ஓம்’தான் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா?

திண்ணைவாசி:

இது யோக மரபிலும் உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரம் மூன்றாம் பாதத்தில், நாபிச் சக்கரத்தில் மனத்தை நிறுத்தினால் உடலின் அமைப்பு விளங்கும் என்று ஒரு சூத்திரம் வருகிறது. ‘நாபி தியானம்’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

நெய்தல்:

தம்பி கரிசல்மண், இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு நடத்துகிறவள் நான். இந்தச் சொல்லுக்காக வகுப்பில் நிறைய வாதாடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘ஓம்’ கதையை முதலில் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் அது குறில்: ஒம்ஃபலோஸ், அதாவது தொப்புள். பிரணவத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் வடமொழி ‘நாபி’க்கு அது உண்மையிலேயே உறவு, இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ‘ஸ்கெப்சிஸ்’ என்றால் உற்றுப் பார்த்தல், ஆராய்தல். இரண்டையும் ஒட்டவைத்த கூட்டுச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது 1920களில்தான். ஆதோஸ் துறவிகள் தங்கள் தியானத்துக்கு இப்படிப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் செய்தது என்ன? புதிய இறையியலார் சிமியோன் என்ற துறவியின் பெயரில் வழங்கும் ஒரு சிறு நூல் அதை விவரிக்கிறது. அறைக் கதவைச் சாத்து. ஒரு மூலையில் தனியே உட்கார். தாடியை மார்பில் பதித்து, பார்வையை வயிற்றின் நடுவே வை. மூச்சை நிதானப்படுத்து. உள்ளே இருதயத்தின் இடத்தைத் தேடு. முதலில் இருட்டும் ஊடுருவ முடியாத ஒரு கெட்டித்தன்மையும்தான் தட்டுப்படும், விடாமல் தேடு என்கிறது நூல். கூடவே ஒரு ஜெபம்: “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” திரும்பத் திரும்ப அதேதான். கடைசிப் பகுதி லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், மார்பில் அடித்துக்கொண்டு சொன்னதை ஒட்டியது.

கவனித்தீர்களா? தாடி மார்பில் பட்டால் கண் தானாகத் தொப்புள் பக்கம் போகும். கண்ணுக்கு அது ஒரு பிடிமானம், அவ்வளவுதான். தேடுவது இருதயத்தை, அழைப்பது ஆண்டவரை. திண்ணைவாசி ஐயா சொல்லும் சூத்திரத்தில் நாபிச் சக்கரமே மனம் நிற்கும் இடம். இங்கே அப்படி இல்லை. ‘நாபி தியானம்’ என்று போட்டால் வாசகர் வேறொரு மரபுக்குள் போய்விடுவார்.

ஏளனம் வந்தது 14ஆம் நூற்றாண்டில். தென் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர் இந்தத் துறவிகளை ‘ஒம்ஃபலோப்சுகோய்’ என்றார். ஆன்மாவைத் தொப்புளில் வைத்திருப்பவர்கள் என்று பொருள். அது வசை. ஆதோஸில் வாழ்ந்த கிரகோரி பலமாஸ் அதற்கு விரிவாகப் பதில் எழுதினார். உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் சொல்லியிருக்க, மனத்தை அந்த உடலுக்குள் திருப்புவதில் என்ன இழிவு என்பது அவர் வாதம். 1341இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் பலமாஸ் பக்கம் நின்றது. பர்லாம் இத்தாலிக்குத் திரும்பிப் பின்னால் ஜெராச்சே ஊரின் ஆயரானார். 1368இல் பலமாஸைப் புனிதராக அறிவித்தார்கள். வழக்கில் துறவிகள் வென்றார்கள், ஆனாலும் மேற்கில் அந்தத் தொப்புள் பேச்சு ஓயவில்லை. எனக்கு இது இன்றும் ஆற்றாமைதான்.

ஆகவே முதல் இடத்தில், துறவிகளுக்கு, ‘உள்முகத் தியானம்’ அல்லது ‘இருதய ஜெபம்’ போடுங்கள். கிரேக்கச் சொல்லைக் காட்டியே ஆகவேண்டுமென்றால், அது எதிராளி வைத்த பெயரின் வழிவந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரண்டாம் இடத்துக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ‘தன்னையே சுற்றிச் சுற்றி வருவது’, ‘தன் நினைப்பிலேயே ஊறிக் கிடப்பது’ என்றெல்லாம் சொல்கிறோமே. ‘தொப்புள்’ வேண்டவே வேண்டாம். தமிழ்க் காதில் அது உடனே தொப்புள்கொடி உறவு, தாய்ப்பாசம் என்று போய்விடும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

கரிசல்மண்:

மிக்க நன்றி அக்கா. இரண்டாம் இடத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: “அந்த வட்டத்தில் யாரும் அடுத்தவர் கதையைப் படிப்பதில்லை, ஒவ்வொருவரும் தன் நினைப்பிலேயே ஊறிக் கிடந்தார்கள்.” சரியாக வருகிறதா? ‘அகநோக்கு’ என்று சுருக்கலாமா என்றும் ஒரு யோசனை.

நெய்தல்:

வாக்கியம் நன்றாக இருக்கிறது, கை வைக்காதீர்கள். ‘அகநோக்கு’ நல்ல பொருளில் புழங்கும் சொல். தன் குறையைத் தானே பார்க்கிறவனுக்கும் அது பொருந்தும். மூலத்தில் இருக்கும் கண்டிப்பு அதில் வராது. இன்னொன்று, ஆதோஸ் பகுதியில் ‘ஹெசிகியா’ என்ற சொல் வந்தால் ‘மௌனம்’ என்று மட்டும் போடாதீர்கள். வாய் பேசாமல் இருப்பதோடு மனம் அடங்குவதும் அதில் உண்டு. ‘உள்ளமைதி’ பொருந்தும்.