புதுப்பிப்பு: அப்பாவின் வறட்டு இருமலுக்குக் காரணம் தெரிந்தது

அப்பாவின் சி.டி. ஸ்கேனில் நுரையீரல் தழும்பு என்று வந்ததைச் சொல்லி, போன மாதம் இங்கே ஆலோசனை கேட்டிருந்தேன். காரணம் பால்கனிப் புறாக்கள்தான். பத்து வருடமாக அவரே அரிசி போட்டு வளர்த்தவை. எச்சத்தூளையும் இறகுத்தூளையும் சுவாசித்தே நுரையீரல் இறுகியிருக்கிறது. விழுந்த தழும்பு மறையாது, மேலும் பரவுவதைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். வலை அடித்துவிட்டோம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம். தழும்பு பரவுவதைக் குறைக்கும் மருந்தான நின்டெடானிப் காலையும் இரவும் சாப்பாட்டோடு. முதல் வாரம் வயிற்றுப்போக்கு படுத்தியெடுத்தது. அப்புறம் முக்கியமான ஒன்று: உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95% காட்டியது, ஆறு நிமிடம் நடக்கவைத்தால் 86%. உங்கள் வீட்டிலும் இப்படி மூச்சு வாங்கினால், நடக்கவைத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.