பாய்மரம் ஏறிய செல்

ஆங்கில மருத்துவக் கட்டுரைகளை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. படித்ததும் ரஷ்யாவில்தான். நான் எழுதுவதை ரஷ்யக்காரரான எடிட்டர் அம்மா திருத்துவார். ஆரம்பத்தில் அப்போப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) மாதிரி வாயில் நுழையாத சொற்களுக்குத்தான் பயந்தேன். அதெல்லாம் கிரேக்கச் சரக்கு, வாலை நறுக்கி 'அபொப்தோஸ்' என்றால் வேலை முடிந்தது.

என்னைக் கவிழ்த்தது மாஸ்ட் செல், அலர்ஜியில் பெரும்பங்கு வகிக்கும் நோய் எதிர்ப்பு செல். நடு ராத்திரி, விடிந்ததும் அனுப்பியாக வேண்டும், அகராதியைப் புரட்டினால் மாஸ்ட் என்பது கப்பலின் பாய்மரக் கம்பம், ரஷ்யத்தில் 'மாச்தா', சரி என்று கட்டுரை முழுக்க 'மாச்தோவயா க்லெத்கா' என்று நட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் எடிட்டர் அம்மா போன். "உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது?" சரியான சொல் 'தூச்னயா க்லெத்கா', அதாவது கொழுத்த செல். உள்ளே துகள்கள் நிரம்பியிருந்ததால் தின்று கொழுத்தவை என்று நினைத்து ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் தன் மொழியில் வைத்த 'மாஸ்ட்ட்செல்லெ' என்ற பெயர்தான் மூலம். ஆங்கிலம் ஓசையை எடுத்துக்கொண்டது, ரஷ்யம் பொருளை எடுத்துக்கொண்டது, நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் 'சேலஞ்ச்'. தடுப்பூசி போட்ட சுண்டெலிகளுக்கு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் எழுதியதோ, எலிகளிடம் சவால் விட்டோம் என்று!

'நேச்சுரல் கில்லர்', அதாவது கிருமி தொற்றிய செல்களையும் புற்றுநோய் செல்களையும் கொல்லும் ரத்த வெள்ளையணு, இன்னும் வம்பு. ஆய்வாளர்கள் 'கீல்லெர்' என்று தாராளமாக எழுதுகிறார்கள். ஆனால் ரஷ்யச் செய்தித்தாளில் கீல்லெர் என்றால் கூலிக்கு ஆளைத் தீர்ப்பவன். நோயாளிகளுக்கான கையேட்டில் 'உங்கள் ரத்தத்தில் கீல்லெர்கள் குறைவு' என்று போட மனசு வரவில்லை, ஆங்கில முதலெழுத்துகளை வைத்து என்கே செல் என்று சுருக்கிவிட்டேன்.

ஒரு வாசகரின் மறுமொழி:

என் கதை எலும்பு மஜ்ஜை. ரஷ்யத்தில் 'மோஸ்க்' என்றால் மூளை, ஆனால் மஜ்ஜை 'எலும்பு மோஸ்க்', தண்டுவடம் 'முதுகு மோஸ்க்'. வார்டில் டாக்டர் வேகமாகப் பேசியதில் என் காதில் விழுந்தது மோஸ்க்கும் ஊசியும் மட்டும். பக்கத்தில் நின்ற ஜூனியர் பையனிடம் பெரிய மனுஷன் மாதிரி, "மூளையில் ஊசி போடப் போறாங்கடா" என்றேன். அவன் நோயாளியின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டான். டாக்டர் மஜ்ஜை எடுக்கச் சட்டையை விலக்கியதோ நோயாளியின் மார்பெலும்புப் பக்கம்.